வயிற்றறுவையும் தாய்மொழியும்

(கெடார் ஊர்ப் பெருமக்களிடையே ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கூட்டம் என அறிவித்து மக்களை அழைத்துவிட்டுக் குடலையும் ஈரலையும் பற்றிப் பேசுவது என்ன முறை என்று சிலர் கருதக்கூடும். பைந்தமிழ்ப் பாவும் பழந்தமிழ் வேந்தரும் பேசப்பெறும் இடத்தில் குடல்வாலுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். வேலை உண்டு. ஒரு மொழி தன் மக்களின் உயிருக்கு நெருக்கடி நேரும் இடத்தில் வழங்குகின்றதா இல்லையா என்பதே, அம்மொழி அந்நாட்டில் ஆள்கின்றதா அடங்கிக் கிடக்கின்றதா என்பதைக் காட்டும். மாந்தன் ஒருவனை மேசைமேற் கிடத்தி, உணர்விழக்கச் செய்து, அவன் வயிற்றைத் திறக்கின்ற இடத்தினும் நெருக்கடியான இடம் வேறு எது?

எந்த வீட்டிலும் நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். கெடாரிலோ காணையிலோ கண்டாச்சிபுரத்திலோ கரும்பு வெட்டும் உழவர் ஒருவர்க்கு முன்னிரவில் கொப்பூழைச் சுற்றி வலி எடுக்கின்றது. சூடு பிடித்துக்கொண்டது என்று ஒரு கை வெந்தயத்தை விழுங்கி நீர் பருகிப் படுக்கின்றார். விடியலில் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்து விடுகின்றது. குமட்டல், காய்ச்சல். பேருந்தேறி நகரத்துக்குப் போகின்றார். ஏதோ ஒரு மருத்துவமனையில் ஒரு தாள் நீட்டப்படுகின்றது. தாள் முழுதும் ஆங்கிலம். கீழே ஒரு கோடு. அக்கோட்டின்மேல் ஒப்பமிடுகின்றார், ஒப்பமிடத் தெரியாதவராயின் கட்டைவிரல் பதிக்கின்றார். சில நாள் கழித்துத் தழும்போடு ஊர் திரும்புகின்றார். "என்ன அறுவை?" என்று பக்கத்து வீட்டார் கேட்கின்றனர். "வயிற்றில் ஆப்பரேசன்" என்கின்றார். வயிற்றில் எங்கே, எந்த உறுப்பில், எதை எடுத்தனர், எதை விட்டனர்? விடை கையிலுள்ள தாளில் இருக்கின்றது. அவர்க்குத்தான் இல்லை.

எல்லா இடத்தும் இவ்வாறே என்று கூறுவதற்கில்லை. தமிழில் தாள் தருவோரும் உளர். பொறுமையாக அமர்ந்து படம் வரைந்து காட்டும் நல்ல மருத்துவர்களும் உளர். அவர்களை வாழ்த்துவோம். ஆயினும் அது அவ்வம் மருத்துவரின் நற்குணத்தைப் பொறுத்ததாக இருக்கின்றதேயன்றி, நோயரின் உரிமையாக இன்னும் நிலைபெறவில்லை.

வயிற்றுள் இருப்பவற்றுக்குத் தமிழிற் பெயரில்லை என்று எவரேனும் கூறின், அவரை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆட்டிறைச்சிக் கடைக்கு அழைத்துச் செல்க. எழுத்தறியாத கடைக்காரர் இரைப்பையையும் குடலையும் ஈரலையும் தனித்தனியே எடுத்து வைத்துப் பெயர் சொல்வார். படித்தவர் 'மண்ணீரல்' என்று எழுதுவதை அவர் 'சுவரொட்டி' என்பார். குருதி குறைந்த பிள்ளைக்குக் கொடுங்கள் என்று ஒரு மருத்துவக் குறிப்பும் சேர்த்துத் தருவார். வயிற்றுக்கே அகடு, மோடு என்று பழஞ்சொற்கள் உள்ளன. கொப்பூழ் உண்டு, உந்தி உண்டு. பெயர்ப் பஞ்சம் மொழியில் இல்லை. படித்தவர் நாவில்தான் உள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அறுவை மருத்துவம் முழுதும் அன்றே தமிழனுக்குத் தெரியும் என்று மார்தட்டுவோர் உளர். பதிற்றுப்பத்தின் நாற்பத்திரண்டாம் பாட்டில், போரில் மார்பு பிளவுண்ட மறவரின் புண்ணை நெடிய வெள்ளூசியால் தைத்த செய்தி வருகின்றது. குளத்துள் பாய்ந்து மீனோடு மேலெழும் மீன்கொத்தியை அவ்வூசிக்கு உவமையாக்கினார் பரணர். ஊசி புண்ணுள் மூழ்கி வெளிவருவதைக் கண்ணாற் கண்டவர்க்கன்றி அவ்வுவமை தோன்றாது. பெருமைக்குரியதே. ஆனால், மார்பின் மேற்புண்ணைத் தைத்தல் வேறு. வயிற்றறையைத் திறந்து உள்ளுறுப்பை அறுத்து மீண்டும் மூடி ஆளைப் பிழைக்க வைத்தல் வேறு. பின்னது உலகில் எவ்வினத்தார்க்கும் அண்மைக் காலத்துக் கலையே. இல்லாத பெருமையைச் சொல்லி இருக்கின்ற பெருமையை இழத்தல் ஆகாது.

எத்துணை அண்மைக் காலம் என்று பாருங்கள். 1735-இல் இலண்டனில் கிளாடியசு அமியாண்டு என்னும் அறுவையர், பதினோரகவைச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தைச் சரிசெய்யப் புகுந்தார். இறங்கிய பைக்குள் குடல்வால் கிடந்தது. அதனை ஒரு குண்டூசி துளைத்திருந்தது. அதை அறுத்தெடுத்தார், சிறுவன் பிழைத்தான். குடல்வாலை அகற்றியதாக எழுத்திற் பதிவான முதல் அறுவை அதுவே. 1809-இல் அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்தில் எப்ரைம் மக்தவல் என்பவர், ஒரு பெண்மணியின் வயிற்றைத் திறந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ எடையுள்ள சூலகக் கட்டியை எடுத்தார். மயக்க மருந்து இல்லை. இருபத்தைந்து நிமையம் அப்பெண்மணி உணர்வோடு கிடந்தார். பின்னர் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். இவை அருநிகழ்ச்சிகள். வயிற்றைத் திறந்தால் சாவு என்பதே அன்றைய பொது விதி.

அவ்விதியை உடைத்தவை இரண்டு. 1846-இல் பாசுட்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயரை உணர்விழக்கச் செய்து அறுவை செய்து காட்டினர், வலி ஒழிந்தது. 1867-இல் சோசப்பு இலிசுட்டர், புண்ணைச் சீழ்ப்பிடிக்கச் செய்யும் நுண்ணுயிரை மருந்தால் தடுக்கும் முறையை வெளியிட்டார். புண் அழுகல் ஒழியத் தொடங்கிற்று. அதன் பின்னரே கதவு திறந்தது. 1881-இல் வியன்னாவில் பில்ரோத்து இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்து வெற்றி கண்டார். 1882-இல் பெர்லினில் இலாங்கன்புக்கு பித்தப்பையை அகற்றினார். 1902-இல் உலகின் காற்பங்கை ஆண்ட ஆங்கில மன்னன் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னர்க் குடல்வாலிற் சீழ் கட்டிற்று. விழாவை நிறுத்தி, வயிற்றைத் திறந்து, சீழை வடித்தனர். ஆகத்து மாதத்தில் மன்னன் முடிசூடினான். முடியுடையவனுக்கும் முடியற்றவனுக்கும் குடல்வால் ஒன்றே.

அந்த 1867-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். மீண்டும் அவ்வாண்டுக்கு வர வேண்டியுள்ளது.

இனி, இவ்வூர்ப் பக்கத்தில் மிகுதியாக நிகழும் வயிற்றறுவைகளைப் பார்ப்போம். முதலாவது குடல்வால் அறுவை. சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில், பெருங்குடலின் தொடக்கப் பையிலிருந்து புழுப்போல் தொங்கும் ஒரு சிறு குழாய் அது. விரல் நீளமே இருக்கும். அதன் வாய் அடைபட்டால் உள்ளே வீங்கும், அழற்சி ஏறும், உரிய நேரத்தில் எடுக்காவிடின் வெடித்துச் சீழ் வயிற்றறை முழுதும் பரவும். முன்சொன்ன உழவர்க்கு நேர்ந்தது இதுவே. கொப்பூழைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைபெறும் வலி இதன் தலையாய அடையாளம். இங்கேதான் நம் மக்கள் பெரும்பிழை செய்கின்றனர். பேதி மருந்து கொடுக்கின்றனர்; விளக்கெண்ணெய் புகட்டுகின்றனர்; பிள்ளைகளாயின் 'குடலேற்றம்' என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவுகின்றனர். வீங்கி வெடிக்கக் காத்திருக்கும் ஒன்றை அழுத்தினால் என்னாகும்? வலி திடுமென நின்றுவிட்டால் குடல் இறங்கிவிட்டது என்று மகிழ்கின்றனர். வெடித்துவிட்டாலும் சிறிது நேரம் வலி குறைந்து தோன்றும் என்பதை எவரும் அவர்க்குச் சொல்வதில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாத வயிற்று வலியும், இடம் பெயர்ந்து நிலைக்கும் வலியும் மருத்துவர்க்கு உரியவை. உணவும் நீரும் கொடாது அழைத்துச் செல்ல வேண்டும். சிலர்க்கு மருந்தாலேயே தணிவதும் உண்டு. அதனை முடிவு செய்பவர் மருத்துவராக இருக்க வேண்டுமேயன்றி நீவுகிறவராக இருத்தல் கூடாது.

அடுத்தது குடலிறக்கம். 'எர்னியா' என்று சொல்லி மக்களை மருட்டுவது இதனைத்தான். என்ன அழகிய தமிழ்ச்சொல் பாருங்கள்! சொல்லே நோயைச் சொல்லிவிடுகின்றது. வயிற்றுச் சுவர் ஓரிடத்தில் நலிந்து, அவ்வழியே குடலின் ஒரு மடிப்பு வெளியே இறங்குகின்றது. பெரும்பாலும் ஆண்களுக்குக் கவட்டோரத்தில் வரும். மூட்டை தூக்குவோர், முக்கி மலங்கழிப்போர், நாள்பட்ட இருமலுடையோர் ஆகியோர்க்கு மிகுதி. நிற்கும்போதும் இருமும்போதும் புடைக்கும். படுத்தால் உள்ளே போகும். வலியில்லாமையால் ஆண்டுக் கணக்கில் கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உழைப்போர் பலர். பிறகு நாணம் வேறு. ஒருநாள் இறங்கிய குடல் மீண்டும் ஏறாது அவ்விடுக்கில் நெரிபட்டுவிடும். குருதியோட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்தில் அக்குடல் கறுத்து அழுகத் தொடங்கும். அரைமணிப் பேச்சிலும் ஒரு மணி நேர அறுவையிலும் தீர்ந்திருக்க வேண்டியது, குடலையே வெட்டி எடுக்கும் பேரறுவையாகிவிடும். இன்று நலிந்த இடத்தில் மெல்லிய வலை வைத்துத் தைக்கின்றனர். அவ்வலை உடம்பிலேயே இருக்கும். வலை வைத்திருப்பதே அறியாத நோயர் எத்தனை பேர்!

பித்தப்பைக் கல்லுக்காகப் பித்தப்பையையே அகற்றுவது மூன்றாவது. கல்லை மட்டும் எடுப்பதில்லையா என்று கேட்போர் உளர். பை இருந்தால் மீண்டும் கல் தோன்றும். ஆகவே பையையே எடுக்கின்றனர். பித்தநீர் சுரப்பது கல்லீரலில். பை அதனைத் தேக்கி வைக்கும் இடம் மட்டுமே. ஆகலின் அதை இழந்தும் வாழலாம். 1985-இல் செருமானியர் எரிக்கு மூகே, வயிற்றில் சிறு துளைகளிட்டு அவ்வழியே கருவி செலுத்திப் பித்தப்பையை அகற்றினார். நுண்துளை அறுவை என்று நாம் வழங்கும் அம்முறையே இன்று பெருவழக்கு. தழும்பு சிறிது; படுக்கை நாள் குறைவு. ஆனால் துளை சிறிதாயிருப்பதால் அறுவையும் சிறிது என்று எண்ணிவிடலாகாது. உள்ளே எடுக்கப்பெறுவது அதே பைதான்.

இரைப்பைப் புண், முன்சிறுகுடற் புண் ஆகியவற்றுக்காக ஒரு காலத்தில் தென்னாட்டில் அறுவை மலிந்திருந்தது. முன்சிறுகுடலில் உணவு செல்லும் வழி சுருங்கிப் போனவர்க்கு இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துத் தைத்தனர். புண்ணுக்குக் காரம், கவலை, பட்டினி என்று பலவற்றைக் கரணியமாகச் சொல்லி வந்தனர். 1982-இல் ஆத்திரேலியாவில் மார்சல், வாரன் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிரே அப்புண்ணுக்கு முதன்மைக் கரணியம் என்று கண்டனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். கத்தி செய்த வேலையை இன்று இரு கிழமை மாத்திரை செய்கின்றது. புண் துளைத்துக்கொண்டால் மட்டும் இன்றும் கத்தி வேண்டும்.

குடலடைப்பு, குடற்காய்ச்சலில் குடல் துளைபடல், காளை முட்டியோ ஊர்தி மோதியோ மண்ணீரல் கிழிதல் ஆகியவற்றுக்கும் வயிற்றைத் திறக்க நேரும். மண்ணீரலைப் பற்றி மட்டும் ஒரு சொல். கிழிந்த மண்ணீரலில் குருதி நிற்காவிடின் அதனை அகற்றியே ஆகவேண்டும். அகற்றப்பெற்றவர் உயிர் வாழலாம். ஆனால் சில நுண்ணுயிர்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்க்குக் குறைந்துவிடும். அதற்கென்று தடுப்பூசிகள் உள்ளன. பின்னாளில் எளிய காய்ச்சல் போல் தொடங்குவது ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடக் கூடும். ஆகலின் தமக்கு மண்ணீரல் இல்லை என்பதை அவர் வாழ்நாள் முழுதும் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் அதனைச் சொல்ல வேண்டும். "வயிற்றில் ஆப்பரேசன்" என்று மட்டும் அறிந்தவர் என்ன சொல்வார்? தமிழில் சொல்லாமை ஒரு மொழிக்குறை மட்டுமன்று. ஆளையே கொல்லும் குறை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தாய்மார்களின் வயிற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மிகுதியாக நிகழும் வயிற்றறுவை எது என்று கேட்டால், குடல்வாலும் அன்று, பித்தப்பையும் அன்று. வயிறு திறந்து பிள்ளை எடுத்தலே. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற ஐந்தாம் நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மகப்பேறுகளில் 44.9 விழுக்காடு அவ்வகையின. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 விழுக்காடு. இந்திய நாடு முழுமைக்கும் 21.5 விழுக்காடே. தாயின் உயிரையும் சேயின் உயிரையும் காத்த அறுவைகள் இவற்றுள் பல. அவற்றைக் குறை கூறுவோர் மகப்பேற்றில் மாண்ட நம் பாட்டிமாரை மறந்தவர். ஆனால் நூற்றுக்கு அறுபத்து மூவர்க்கும் அது இன்றியமையாததா என்று கேட்பதும் கடமையாகும். அடுத்துக் கருத்தடை அறுவை. மணமான தமிழ்ப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதனைச் செய்துகொண்டுள்ளனர். ஆணுக்குச் செய்வது இதனினும் எளியது. வயிற்றைத் திறக்கவே வேண்டுவதில்லை. செய்துகொண்ட ஆடவரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். வீரம் பேசும் ஆடவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கருப்பை அகற்றல் தனியே பேசத்தக்கது. கட்டிக்காகவும் நில்லாக் குருதிப்போக்குக்காகவும் புற்றுக்காகவும் அது வேண்டப்படுவதுண்டு. ஆனால் 2019-இல் மராட்டிய மாநிலத்துப் பீடு மாவட்டத்தில், கரும்பு வெட்டும் ஏழைப் பெண்கள் பலர்க்கு இளம் அகவையிலேயே கருப்பை அகற்றப்பெற்றமை வெளிப்பட்டு, அம்மாநில அரசு ஆய்வுக்குழு அமைக்க நேர்ந்தது. விழுப்புரமும் கரும்பு விளையும் மண்தான். கருப்பையோடு சூலகத்தையும் எடுத்தனரா, விட்டனரா என்பது அப்பெண்ணின் எலும்பு வலிமை வரை தொடர்ந்து வரும் செய்தி. அதனையேனும் அவள் அறிய வேண்டாவா?

இசைவு பற்றிய ஒரு தீர்ப்பை இங்குச் சொல்லியாக வேண்டும். 1995-இல் தில்லியில் ஒரு பெண்மணி, நுண்துளைக் கருவியால் வயிற்றுள் பார்த்து நோயறிவதற்கு இசைந்து ஒப்பமிட்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியில் இருந்த அவர்தம் தாயிடம் இசைவு பெற்றுக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2008 சனவரியில் வந்த தீர்ப்பு, நோயறிவதற்குத் தந்த இசைவு உறுப்பை அகற்றுவதற்குத் தந்த இசைவு ஆகாது என்றது. உயிர்க்கு உடனடி இடர் இல்லாதபோது, அகவை வந்த ஒருவர்க்காக அவர் தாயே இசைந்தாலும் செல்லாது என்றது. என்ன செய்யப் போகின்றனர், அதனால் விளையும் நன்மை தீமை எவை, வேறு வழி உண்டா என்பவற்றை நோயர்க்கு அறியத் தந்த பின்னரே இசைவு இசைவாகும் என்றது. அறியத் தருதல் என்றால் எம்மொழியில்? புதுமருந்தை மக்களிடம் ஆய்ந்து பார்ப்பதற்கு 2019-இல் வந்த விதிகள், ஆய்வுக்கு உட்படுவோர்க்கு விளங்கும் எளிய மொழியில் செய்தி தரவேண்டும் என்கின்றன. மருந்தை ஆய்வதற்கு உள்ள அம்முறை, வயிற்றை அறுப்பதற்கும் வேண்டுமன்றோ?

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்று நிறுத்தினார். நோயுற்றவனை முதலில் வைத்தார் என்பதைக் காண்க.

"மருத்துவம் தமிழில் முடியுமா?" என்று இன்றும் கேட்கின்றனர். முடியுமா என்று கேட்பது, முடித்துக் காட்டியவரின் வரலாறு தெரியாமையால். இனி அந்த 1867-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

சாமுவேல் பிசுக் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1822-இல் மாசச்சூசெட்டு மாநிலத்து வூசுட்டர் நகரில் பிறந்தவர். 1847-இல் கிறித்தவத் தொண்டராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்க்கு மருத்துவம் பயிற்றினார். ஆங்கில வழிப் பயின்றவர் சம்பளம் மிக்க அரசுப் பணியை நாடி ஊரைவிட்டுப் போவதையும், சிற்றூர் மக்கள் மருத்துவரின்றிக் கிடப்பதையும் கண்டார். தமிழில் பயின்றவனே தமிழ்ச் சிற்றூரில் தங்குவான் என்று தெளிந்தார். 1857-இல் தாயகம் சென்று 1862-இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே மருத்துவக் கல்வியை நடத்தினார். அவர் உருவாக்கிய மருத்துவர் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர். அவருள் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் தமிழ்வழியே பயின்றவர். கற்பிக்க நூல் வேண்டுமே! அவரும் அவர்தம் தமிழ் மாணவரும் நூல்களைத் தமிழாக்கினர். மகப்பேற்று மருத்துவத்துக்கு 1857-இல் 'பிரசவ வைத்தியம்'. அறுவை மருத்துவத்துக்கு 1867-இல் 'இரண வைத்தியம்'. கிரே என்பார் 1858-இல் இலண்டனில் வெளியிட்டதும், இன்றும் உலகெங்கும் மாணவர் ஓதுவதுமான உடற்கூற்று நூல், 1872-இல் 'மனுச அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. பதினான்கே ஆண்டு இடைவெளி! இலிசுட்டர் தம் முறையை வெளியிட்ட அதே ஆண்டில், தமிழ் மாணவன் தமிழில் அறுவை நூல் படித்துக்கொண்டிருந்தான். வயிற்றைத் திறக்க உலகமே அஞ்சிக்கொண்டிருந்த நாளில், அறுவைக் கலை தமிழில் எழுதப்பட்டுவிட்டது.

அந்நூற்பெயர்களில் வடசொல் மண்டிக் கிடக்கின்றதே என்று நம்மவர் முகஞ்சுளிப்பது தெரிகின்றது. உண்மையே. 'இரணம்', 'பிரசவம்', 'அங்காதிபாதம்' என்பன தமிழல்ல. தனித்தமிழ் இயக்கத்தை மறைமலையடிகள் தொடங்கியது 1916-இல். அதற்கு அரை நூற்றாண்டு முற்பட்ட அமெரிக்கரிடம் அத்தூய்மையை எதிர்பார்த்தல் முறையன்று. அன்றைய யாழ்ப்பாணப் புலவர் நடை எதுவோ அதனை அவர் எடுத்துக்கொண்டார். அவர் செய்த பெருவேலை எல்லாவற்றையும் தமிழெழுத்தில் தமிழ்த்தொடரில் சொல்லிக் காட்டியது. அச்சொற்களைக் களைந்து நற்றமிழ்ச் சொல் வைப்பது பின்வந்த நம் வேலை. 'இரண வைத்திய'த்தை 'அறுவை மருத்துவம்' ஆக்க நமக்கு எவ்வளவு காலம் ஆயிற்று? ஒரு நொடி. நூலை எழுத? இன்னும் அமர்ந்த பாடில்லை. பிறர் கட்டிய வீட்டின் வண்ணத்தைப் பழிப்பவன் தன் வீட்டுக்கு ஒரு செங்கல்லாவது எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கிறீன் 1873-இல் நாடு திரும்பினார். திரும்பியும் தமிழ் நூற்பணியை விடவில்லை. 1884-இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதே அவர் விருப்பப்படி கல்லறையிற் பொறிக்கப்பெற்றது. மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை உள்ளது. ஆனால் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவர்க்குப் பின் தொடரவில்லை. 1835 முதல் சென்னையில் மருத்துவக் கல்வி உண்டு, ஆங்கிலத்தில்.

சப்பானியர் என்ன செய்தனர்? 1771-இல் சுகித்தா கென்பாக்கு என்னும் மருத்துவரும் நண்பரும், கொலைத்தண்டம் நிறைவேற்றும் களத்தில் ஒரு பிணத்தை அறுத்துக் காட்டுவதைக் காணச் சென்றனர். கையில் ஒல்லாந்து மொழி உடற்கூற்று நூல் ஒன்று. படத்தில் உள்ளவாறே குடலும் ஈரலும் இருந்தன. தாம் அதுவரை படித்தது பிழை என்று உணர்ந்தனர். ஒல்லாந்து மொழி சரியாகத் தெரியாது, அகரமுதலி கிடையாது. ஒரு சொல்லுக்காக ஒரு நாள் முழுதும் அமர்ந்தனர். 1774-இல் நூலின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நரம்புக்கு அன்று அவர்கள் ஆக்கிய சொல்லையே சப்பானியர் இன்றும் வழங்குகின்றனர். நமக்கோ 'நரம்பு' என்னும் சொல் யாழிலேயே இருக்கின்றது.

இன்று நிலைமை முற்றும் இருள் என்று கூற மாட்டோம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டுள்ளது, வரவேற்கின்றோம். கெடாருக்கு அண்மையில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. இம்மாவட்டத்து உழவர் பிள்ளைகளும் மருத்துவராகின்றனர். அப்பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியும் நோயர் பேசும் மொழியும் ஒன்றே. இடையில் தாள் மட்டும் வேறு மொழி பேசுகின்றது. அதனை மாற்ற ஐந்தாண்டுத் திட்டம் வேண்டா. ஒவ்வோர் அறுவைக்கும் இசைவுத்தாள் தமிழில் அச்சிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில் ஆங்கிலத்தின் கீழ் நான்கு வரி தமிழ் எழுத வேண்டும். சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் இளைஞர்கள் எழுத்தால் கேட்க வேண்டுவது இதுவே.

அதுவரை வாளா இராது ஒன்று செய்யலாம். அறுவைக்குமுன் ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்: எந்த உறுப்பில் நோய், அதனை எடுப்பார்களா, தைப்பார்களா, எடுத்தால் அதனோடு வேறு எதுவும் எடுப்பார்களா, கத்தியின்றித் தீர வழி உண்டா, செய்யாவிட்டால் என்னாகும். மருத்துவரிடம் பணிவோடு கேட்டு, அவர் சொல்லும் விடையை எதிரே எழுதுங்கள். அறுவை முடிந்தபின் எடுத்தது எது, விட்டது எது, உள்ளே வைத்தது ஏதேனும் உண்டா, எந்நாள், எந்த அடையாளம் தோன்றினால் உடனே வரவேண்டும் என்பவற்றை அதன் பின்புறம் எழுதி வாங்குங்கள். அத்தாளை நெகிழி உறையிலிட்டுக் குடும்ப அட்டையோடு வையுங்கள். முன்னரே தழும்பு உடையவர்கள், பெட்டியில் மடித்து வைத்துள்ள பழைய ஆங்கிலத் தாளை எடுத்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது என்ன செய்யப்பெற்றது என்று கேட்டுத் தமிழில் எழுதி வரலாம். எழுதத் தெரியாதவர்கள் மேனிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்றை உடன் அழைத்துச் செல்க.